வலக்கைப் பக்கம் குருசு

வானத்தை அண்ணாந்து பார்த்து உருகுகிற ஆள் நானில்லை. எனக்குத் தெரிந்த வெள்ளிகள் மூன்றோ நாலோதான். அவையும் கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டதால் தெரிந்தவை. அவற்றில் ஒன்றைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நோன்பு மே மாதத்தில் வந்த வருஷங்களில், தராவீஹ் தொழுகை முடிந்து பெண்கள் நாங்கள் பள்ளியின் பின்வாசலால் வெளியே வருவோம். தெற்கே தென்னைகளின் தலைக்கு மேலே அது நேராக நிற்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. வலக்கைக்குச் சற்றுக் கீழே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்னது ஒன்று. எங்கள் கரையில் அதைக் குருசு வெள்ளி என்பார்கள். புத்தகத்தில் தென்சிலுவை என்று போட்டிருக்கிறது. எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் ஒன்றுதான்.

நான் மாம்புரியில் பிறந்தவள். உம்மா தந்த வளவில்தான் இப்போதும் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்துப் பிள்ளை. தில்லையடி அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். அவருடைய வாப்பா மன்னாரில் புடவைக்கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் கடலில் முழங்கால் நனைத்ததில்லை. என்னைக் கட்டி மாம்புரிக்கு வந்த பிறகும் கூலிக்கு வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் அடித்துக்கொண்டுதான் இருந்தார். யுத்தம் முடிந்து, இராத்திரியிலும் கடலுக்குப் போகலாம் என்று விட்ட பிறகுதான் இவருக்குக் கடல் ஆசை வந்தது.

ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு வேதக்காரர். கரையின் வடக்குப் பக்கம், மாதா கோயிலடியில் வீடு. இவருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். போட் இருந்தது, கூடப் போக ஆளில்லை. சந்தையில் எதற்கோ கதைக்கத் தொடங்கி, இரண்டு பேரும் ஒரே கிழமைக்குள் மச்சான் மச்சான் என்று ஒட்டிக்கொண்டார்கள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். இந்தக் கதையிலும் அவர் அண்ணன்தான். வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

அந்த முதல் வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. தை மாதம், விடிவதற்கு முன்னால் வலையை இழுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கரை கிழக்கே இருப்பதால், வீட்டுக்கு வரும்போது குருசு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. "குருச வலக்கையில பிடிச்சுக்கொண்டு நேரா ஓட்டு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வலைக்கு மேலே படுத்துத் தூங்கிவிட்டார். இவரும் பிடித்துக்கொண்டு நேராகத்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் அது குருசு இல்லை. அதற்கு மேற்கே அதைப்போலவே நாலு வெள்ளி, கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் மங்கலாக நிற்குமாம். பொய்க் குருசு. அதை நம்பி வந்து சேர்ந்த இடம், எங்கள் ஊருக்குத் தெற்கே எங்கேயோ இருக்கிற உடப்பு. விடியற்காலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த உடப்பு ஆட்கள் இவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து, சிரித்து, எஞ்சினுக்கு எண்ணெயும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அண்ணன் அந்தக் கதையைச் சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது.

"நாலு வெள்ளி இரிந்திச்சி தானே. நான் எண்ணித்தான் பாத்தன்" என்றார் இவர்.

"நாலு ரெண்டுக்கும் இருக்கும் மச்சான். அஞ்சாவது ஒண்டு, சின்னன், கிட்ட நிக்குதா எண்டு பார். அது இல்லாட்டா நம்பாத."

எங்கள் வீட்டில் அது பேச்சாகவே ஆகிவிட்டது. சந்தையில் யாராவது அளவுக்கு மேல் இனிப்பாகக் கதைத்தால் இவர் என் காதருகே "அஞ்சாவது இல்ல" என்பார்.

அண்ணனுடைய போட்டின் மூக்கில், வலப்பக்கத்தில், அந்த ஐந்து வெள்ளியும் இருந்தன. வெறும் பெயின்ட் பொட்டு இல்லை. பைபர் ஒட்டுகிற பசையால் புடைப்பாக வைத்து, காய்ந்த பிறகு வெள்ளை அடித்தவை. இருட்டில் பத்துப் போட் ஒன்றாகக் கிடக்கும்போது தடவிப் பார்த்தே தன்னுடையதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அண்ணனின் யோசனை. பிறகு இத்தாலித் தம்பிமாரின் உதவியால் அவர் பெரிய போட் ஒன்று எடுத்தார். பழையதை இவருக்கு விற்றார். இரண்டு போட்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகத்தான் கடலுக்குப் போனார்கள்.

இனி என் நானாவின் கதைக்கு வரவேண்டும். எனக்கு மூத்த ஒரே சகோதரன். சவூதியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, நீட்டுத் தாடியும் குட்டைக் கால்சட்டையுமாக வந்திறங்கினார். நாங்கள் பிறந்ததிலிருந்து செய்துவந்தவற்றில் பாதி பிழை என்று வந்த கிழமையே சொல்லிவிட்டார். கத்தம் ஓதுவது பிழை, கந்தூரி பிழை, என் மூத்தவளுக்குக் கட்டியிருந்த தாயத்து பிழை. பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் கரைக்குப் போய்வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, சிலுவை குத்தின போட்ல உழைச்சித் தின்டா அது உடம்புல ஒட்டாது. மாப்புளட்ட சொல்லுங்க."

"அது சிலுவை இல்ல நானா. வெள்ளி. அல்லாஹ் படைச்சது தானே."

"படைச்சது வானத்தில இரிக்கட்டும். என்ட காணியில வேணாம்."

விஷயம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருந்தது. கரையை ஒட்டிய தென்னந்தோட்டம் வாப்பா மௌத்தான பிறகு நானாவின் பங்குக்குப் போயிருந்தது. எங்கள் வாடி, வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டில், அந்தத் தோட்டத்துக்குள் இருந்தது. கரைக்கு இறங்குகிற பாதையும் அதற்குள்தான். நானா மூடினால் இவர் தொழிலை விட வேண்டியதுதான். அன்று இரவு இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இவருடைய கவலை. ஒரு வேதக்காரர் வைத்த குறியை மறைக்கப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா மச்சான் முகத்த இப்பிடி வச்சிருக்கிற? வெள்ளி மேல இருக்கு, அத ஆர் அழிக்கிறது? இது பெயின்ட். நானே அடிச்சுத் தாறன்."

மறுநாள் பின்னேரம் வந்தார். தன்னுடைய புதுப் போட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை டின்னோடு கொண்டுவந்தார். இவரைத் தொட விடவில்லை. "நான் வச்சது, நான்தான் மூடவேணும்" என்று தானே தூரிகையைப் பிடித்து, ஐந்து வெள்ளியையும் மூடி, சுற்றிச் சதுரமாக அடித்து முடித்தார். நான் தேத்தண்ணியும் வாழைக்காய்ப் பொரியலும் கொண்டுபோனேன். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டார். வெயிலில் வெளிறிய பழைய நீலத்தின் நடுவே புது நீலம் பளிச்சென்று தெரிந்தது. "புண்ணுக்கு ஒட்டின பிளாஸ்டர் மாதிரி இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பெயின்டுக்கு மேலே கையை வைத்தால் ஐந்து புடைப்பும் அப்படியே தட்டுப்பட்டன. மூன்று பேரும் தடவிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் யாரும் அந்தச் சதுரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானாவும் அடங்கினார். பெருநாளைக்கு அண்ணன் வீட்டார் எல்லோரும் இங்கே வருவார்கள், நத்தாருக்கு எங்களுக்கு அங்கேயிருந்து கேக் வரும். அண்ணனின் தங்கச்சி நீர்கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய மகள் ஒருத்தி விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம் என் வட்டிலப்பத்துக்காகவே எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள். கரண்டியை நக்கி, சட்டியையும் நக்கிவிட்டுத்தான் போவாள்.

அந்தப் பிள்ளை, கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறன்று போய்விட்டாள்.

எனக்கு யார் மேல் அழுவது என்று தெரியவில்லை. குண்டு வைத்தவர்கள் எங்கள் பெயரையும் எங்கள் தொழுகையையும் சுமந்துகொண்டு போய் அதைச் செய்திருந்தார்கள். அவர்களைச் சபித்தேன், இன்றைக்கும் சபிக்கிறேன். மையத்து எடுத்த அன்று இவர் நீர்கொழும்புக்குப் போக வழியில்லை. அண்ணன் திரும்பி வந்த பிறகு அவருடைய வீட்டுப் படலைக்குப் போய் நின்றார். அண்ணன் வெளியே வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இப்ப இங்க நிக்காத மச்சான், ஆக்கள் பாக்கிறாங்க" என்று அனுப்பிவிட்டார். இவருடைய நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னார் என்று அப்போது நினைத்தோம்.

பிறகு நோன்பு வந்தது. ஊரடங்கு போடுவதும் எடுப்பதுமாக இருந்தது. கறுப்பு அபாயாவோடு ரோட்டில் இறங்கப் பயம். எங்கெங்கோ கடைகளை உடைக்கிறார்கள், பள்ளிகளை உடைக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில்தான் கரையில் யாரோ ஒரு இளைஞன் எங்கள் போட்டின் மூக்கைப் போனில் படம் எடுத்து, சிலுவையை அழித்த போட் என்று முகநூலில் போட்டிருக்கிறான். பின்னேர வெயில் சரிவாக விழும்போது, புது நீலத்துக்கு அடியில் ஐந்து புடைப்பும் நிழலாகத் தெரியும். படத்தில் அதெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. சிலுவையை வெறுத்தவன், முன்கூட்டியே தெரிந்தவன், இன்னும் என்னென்னவோ கீழே எழுதியிருந்தார்கள். ஐந்தாவது புடைப்பு எதற்கு என்று ஒருவனும் கேட்கவில்லை. சிலுவைக்கு எங்கே ஐந்தாவது புள்ளி இருக்கிறது?

விசாரணைக்கு ஆட்கள் வந்தது ஒரு காலையில். இவரைக் கரைக்குக் கூட்டிப்போனார்கள். நான் பின்னால் போனேன். கரையில் எல்லா வாடி ஆட்களும் கூடியிருந்தார்கள். அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள், சட்டையில் கறுப்புத் துண்டு குத்தியபடி நின்றார். வந்தவர்களில் பெரியவர் அண்ணனிடம் சிங்களத்தில் கேட்டார். எங்கள் கரையில் எல்லோருக்கும் சிங்களம் விளங்கும்.

போட் முன்னால் உன்னுடையதாக இருந்ததா? ஓம். விற்கும்போது இந்தக் குறி வெளியே தெரிந்ததா? ஓம். இவன் வாங்கிய பிறகுதான் மறைத்ததா?

அண்ணன் மணலைப் பார்த்தார். "ஓம் மாத்தயா" என்றார்.

ஒவ்வொரு பதிலும் உண்மைதான். ஒன்றிலும் பொய் இல்லை. யார் அடித்தது என்று மட்டும் அந்த மனிதர் கேட்கவில்லை. கேட்காததை அண்ணன் சொல்லவும் இல்லை. அவருடைய புதுப் போட் நாலு பாகத் தூரம் தள்ளிக் கிடந்தது. அதன் நீலமும் எங்கள் போட்டில் இருந்த சதுரத்தின் நீலமும் ஒரே டின் நீலம். கண் உள்ளவன் யாரும் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

நான் இவரைப் பார்த்தேன். வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். இவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முன்னால் போய்விட்டேன்.

"அண்ணன், நீங்கதானே அடிச்சீங்க. சொல்லுங்க. என்ட கையால தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே அடிச்சீங்க."

கரை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார். பெண்ணை அப்பால் அனுப்பு என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் என்னைத் தள்ளினார்கள், என் செருப்பு ஒன்று மணலில் புதைந்து அங்கேயே கிடந்தது. இவரை வாகனத்தில் ஏற்றினார்கள்.

அன்று தண்ணீரால் மட்டும் நோன்பைத் திறந்துவிட்டு எழுந்தேன். நானாவைத் தேடிப் போனேன். இதெல்லாம் அவர் போட்ட சட்டத்தால் வந்தது, வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று போனேன். நானா வீட்டின் பின்புறத்தில் குழி வெட்டி, சவூதியிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை எரித்துக்கொண்டிருந்தார். தாடியை வழித்திருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தே பல வருஷம். "நான் வந்தா இன்னும் மோசமாப் போயிரும் தங்கச்சி" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இவரை மறுநாள் விட்டுவிட்டார்கள். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றார். நம்பினேனா இல்லையா என்பது வேறு. பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்.

"அவன் சொல்லுவான் எண்டுதான் நிண்டன். நான் சொன்னா அவன்ட ஆக்கள் அவனத் தின்டிருப்பாங்க. அவனா சொன்னா வேற."

"நீங்க சொல்லியிரிக்கணும்."

"ஓம்" என்றார். அத்தோடு சரி.

இவரோடு கடலுக்கு வர ஆளில்லாமல் போனது. மீன் கொண்டுவந்தாலும் ஏலம் கேட்க ஆளில்லை. போட்டை வேறு கரையிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இப்போது பழையபடி வெங்காயத்துக்குத் தண்ணீர் அடிக்கிறார், இந்த முறை என் உம்மாவின் வளவில். நானாவோ அந்தத் தென்னந்தோட்டத்தை ஹோட்டல்காரருக்கு விற்றுவிட்டார். வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வருகிறார்கள். கம்பி வேலி போட்டு, கரைக்கு இறங்குகிற பாதையை மூடிவிட்டார்கள். எந்தப் பாதைக்காக அந்த ஐந்து வெள்ளியையும் மூடினோமோ அந்தப் பாதையே இல்லை. நானா திரும்பத் தாடி வளர்த்துவிட்டார். கல்யாண வீடுகளில் கண்டால் ஸலாம் சொல்கிறேன், அதற்கு மேல் என் நாக்கு எழும்புவதில்லை.

நானாவை நான் இவ்வளவு வெறுக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். அவரிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அண்ணனை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வேகிறது. அவருடைய துக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. மருமகளைப் புதைத்துவிட்டு வந்த மனிதன், தன் சனத்துக்கு முன்னால், ஒரு சோனகனுக்காக நானே குருசை மூடினேன் என்று எப்படிச் சொல்வான்? இதை எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் விளங்குகிறது. ஒவ்வொரு தரமும் மன்னிப்பு வரவில்லை. கரண்டி நக்கிய அந்தப் பிள்ளைக்காக நானும்தான் அழுதேன். என்னுடைய அழுகையை அந்தக் கரையில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணன் ஐந்து வருஷம் இந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. போன வருஷம், மே மாதத்தில், இஷா தொழுகைக்குப் பிறகு படலையில் ஆள் அரவம் கேட்டது. கையில் பையோடு நின்றார். பைக்குள் ஒரு பாரை மீன், வால் வெளியே தெரிந்தது. மெலிந்துவிட்டார், தலை முழுக்க நரை. இவர் எழுந்துபோய் "வா மச்சான்" என்று கதிரை எடுத்துப் போட்டார். எனக்கு அந்த "வா மச்சான்" தாங்கவில்லை. குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். தேத்தண்ணி ஊற்றவில்லை.

கொஞ்சநேரம் மழையில்லாததைப் பற்றிக் கதைத்தார்கள். எண்ணெய் விலையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அண்ணனின் குரல் தணிந்தது.

"நான்தான் அடிச்சன் எண்டு அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும் மச்சான். என்ட நீலம். என்ட கை. ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்."

 "பரவாயில்ல, விடு" என்றார் இவர்.

நான் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தேன்.

"பரவாயில்ல எண்டு இவர் சொல்லுவார், நான் சொல்ல மாட்டன். நீங்க அடிச்சது எங்களுக்குத் தெரியும் அண்ணன். எங்களுக்கு ஏன் சொல்றீங்க? கரையில இப்பவும் இவரச் சிலுவை அழிச்சவன் எண்டுதான் சொல்றாங்க. என்ட மகள்ட பள்ளிக்கூடத்தில சொல்லியிரிக்கிறாங்க. சொல்றதெண்டா அங்க போய்ச் சொல்லுங்க. இப்ப எல்லாரும் வாடியிலதான் இரிப்பாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அன்று கரையில் பார்க்காத பார்வையை இப்போதுதான் பார்த்தார். "ஓம் தங்கச்சி" என்றார். பையைக் கதிரையடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடக்கைப் பக்கம் போனால் ஹோட்டல் வேலியைச் சுற்றிக்கொண்டு வாடிகளுக்குப் போகலாம். நேரே வடக்கே போனால் கோயிலடி, அவருடைய வீடு. இவரும் நானும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெற்கே தென்னைக்கு மேலே குருசு நேராக நின்றது, வலக்கைக்குக் கீழே சின்னதும் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் சந்தியில் நின்றார். வாடிப்பக்கம் லாம்பு வெளிச்சமும் ஆட்கள் கதைக்கிற சத்தமும் இருந்தன. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு குருசை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்.